ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் எப்படி ஒட்டுகின்றன, நாளாக ஆக என்ன மாறுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் கல்ச்சர் அறைக்குப் புதிதாக வந்தவர்களும், பல வருடம் செல் வளர்த்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பதில்கள் இணைப்புத் திசுவின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்கு மட்டும்: சுண்டெலியின் என்.ஐ.எச். 3டி3, எல்929 என்னும் செல் வரிசைகள், மனிதத் தோலிலிருந்து எடுத்த முதன்மைச் செல்கள். தனியாகச் சொல்லாத இடங்களில் கல்ச்சருக்கென்று பதப்படுத்திய பாலிஸ்டைரீன் பிளாஸ்க், 10% சீரம் கலந்த டி.எம்.இ.எம். என்னும் ஊட்டக் கரைசல் (மீடியம்), 37 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைப்ரோபிளாஸ்ட் ஒட்டித்தான் ஆகணுமா? மிதந்துக்கிட்டே வளராதா?

வளராது. ரத்த வெள்ளணுக்கள் மிதந்து வாழப் பிறந்தவை. ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்கு உடம்பில் வேலையே கொலாஜன், ஃபைப்ரோனெக்டின் இழைகளைச் சுரப்பதும், அவற்றைப் பிடித்து இழுத்துத் திசுவை இறுக்கமாக வைப்பதும்தான். பிடிமானம் கிடைக்காவிட்டால், சீரத்தில் வளர்ச்சிக் காரணிகள் எவ்வளவு இருந்தாலும் செல் சுழற்சி ஜி1 கட்டத்தில் நின்றுவிடும். எபிதீலியச் செல்கள் அளவுக்குச் சீக்கிரம் சாகாது, ஆனால் பெருகாது. மிதந்தபடியே பெருக ஆரம்பித்தால் அது வேறு சிக்கல். பாசேஜ் (செல்லைப் பிரித்துப் புது பிளாஸ்க்குக்கு மாற்றுவது) பற்றிய கேள்வியில் அதைப் பார்க்கலாம்.

செல் பிளாஸ்டிக் மேலேயே ஒட்டுதா, நடுவுல ஏதாவது இருக்கா?

நடுவில் புரதப் படலம் இருக்கிறது. பாலிஸ்டைரீன் இயல்பில் நீரைத் தள்ளும் பரப்பு. கல்ச்சர் பிளாஸ்க் தயாரிக்கும்போது கொரோனா மின்னிறக்கமோ பிளாஸ்மாவோ கொடுத்து ஆக்சிஜன் உள்ள வேதித்தொகுதிகளை அதில் ஏற்றிவிடுகிறார்கள். மீடியம் பட்ட சில நொடிகளில் சீரப் புரதங்கள் அங்கே படிய ஆரம்பிக்கும். செல் பிடிப்பது அந்தப் புரதங்களை, அதிலும் முக்கியமாக விட்ரோனெக்டினை, அடுத்து ஃபைப்ரோனெக்டினை. பிடிக்கும் கை இன்டெக்ரின் என்னும் சவ்வுப் புரதம். அது தேடுவது அர்ஜினின்-கிளைசின்-அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமில வரிசையை. பியர்ஷ்பாக்கரும் ருவஸ்லாட்டியும் 1984-ல் இதைக் காட்டினார்கள். இன்டெக்ரின் வேலை செய்ய மெக்னீசியம், கால்சியம் அயனிகள் வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பலமுறை வரும்.

பாக்டீரியாவுக்கான சாதா பெட்ரி தட்டில் ஃபைப்ரோபிளாஸ்ட் போட்டால் கொத்துக் கொத்தாக மிதப்பதற்குக் காரணமும் இதுதான். பதப்படுத்தாத பரப்பை ஆல்புமின் முந்திக்கொண்டு மூடிவிடும். ஒட்டவைக்கும் புரதங்கள் வந்தாலும் சரியான நிலையில் படியாது. சீரம் இல்லாமல் செல் போட வேண்டுமென்றால் நீங்களே படலம் போட்டுக்கொள்ளலாம். ஒரு செ.மீ² பரப்புக்கு 1 முதல் 5 மைக்ரோகிராம் ஃபைப்ரோனெக்டின் போதும். 25 செ.மீ² பிளாஸ்க்குக்கு 50 மைக்ரோகிராமை 2 மி.லி. பி.பி.எஸ். என்னும் உப்புக் கரைசலில் கலந்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, காயவிடாமல் வடித்துவிட்டு உடனே செல்லைப் போடுங்கள்.

செல் போட்டு எவ்வளவு நேரத்துல ஒட்டும்? ஒருத்தர் அரை மணிங்கறாங்க, இன்னொருத்தர் ஒரு நாள்ங்கறாங்க.

இருவர் சொல்வதும் சரி, எந்தக் கட்டத்தை ஒட்டுதல் என்கிறார்கள் என்பதுதான் வேறு. 25 செ.மீ² பிளாஸ்க்கில் 5 மி.லி. மீடியம் ஊற்றினால் ஆழம் 2 மி.மீ. சுமார் கால் மணி நேரத்தில் பெரும்பாலான செல்கள் தரை தொட்டுவிடும். அங்கிருந்து 10 முதல் 30 நிமிடத்தில் இன்டெக்ரின்கள் பிடித்துக்கொள்ளும். செல் இன்னும் உருண்டைதான். மென்மையாக அலசினால் போகாது, பிப்பெட்டால் நேராகப் பீய்ச்சினால் போய்விடும்.

அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் செல் பரவ ஆரம்பிக்கிறது. ஃபேஸ் கான்ட்ராஸ்ட்டில் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: சுற்றியிருந்த பளிச்சென்ற ஒளிவட்டம் மங்கும், ஓரத்தில் மெல்லிய பாவாடை போல ஒரு தட்டை விளிம்பு வெளியே வரும், அது முன்னும் பின்னுமாக அசையும். நாலைந்து மணி நேரத்தில் ஆக்டின் கம்பிகள் உருவாகி, அவற்றின் முனைகளில் ஃபோகல் அட்ஹிஷன் என்னும் பிடிப்புத் திட்டுகள் முற்றியிருக்கும். செல்லைப் பிய்க்கத் தேவையான விசை இந்த முதல் சில மணி நேரத்தில் வேகமாக ஏறி, பிறகு ஏறக்குறைய சமமாகிவிடும்.

மறுநாள் காலையில் செல் நீண்டு, இரண்டு மூன்று முனைகளோடு, ஒரு திசை பார்த்துக் கிடக்கும். இதற்குள் அது தன் சொந்த ஃபைப்ரோனெக்டினைச் சுரந்து இழையாக்கத் தொடங்கியிருக்கும். அதாவது, முதல் நாள் அது பிடித்திருந்தது நீங்கள் ஊற்றிய சீரத்தை. மூன்றாம் நாள் பிடித்திருப்பது பெருமளவு தான் நெய்த பாயை. எனவே "செல் நன்றாக ஒட்டியது" என்று நோட்டில் எழுதும்போது எத்தனை மணி நேரத்தில் என்பதையும் எழுதாவிட்டால் அந்த வரியால் பயனில்லை.

ரெண்டு மணி நேரம் ஆச்சு, இன்னும் உருண்டையா மினுமினுங்குது. செத்துப்போச்சா?

முதலில் பிளாஸ்க்கின் பக்கவாட்டில் விரலால் மெதுவாகத் தட்டிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். உருண்டைகள் இருந்த இடத்திலேயே நடுங்கினால் ஒட்டியிருக்கின்றன, பரவத் தாமதமாகிறது; காத்திருங்கள். மீடியத்தோடு சேர்ந்து நகர்ந்தால் ஒட்டவில்லை. மிதப்பதில் கொஞ்சம் எடுத்து டிரைபன் நீலத்தோடு சம அளவில் கலந்து எண்ணுங்கள். நீலம் ஏறியவை செத்தவை.

உயிரோடிருந்தும் ஒட்டவில்லையென்றால் வழக்கமான காரணங்கள் சில. செல்லைப் பெயர்க்கப் போடும் டிரிப்சின் நொதியில் அதிக நேரம் இருந்து மேற்பரப்புப் புரதங்கள் வெட்டுப்பட்டிருக்கலாம். அவற்றைச் செல் மறுபடி செய்துகொள்ளப் பல மணி நேரமாகும். மீடியம் குளிர்ப்பெட்டியிலிருந்து நேராக வந்திருக்கலாம். குளிரில் இன்டெக்ரின் பிடிப்பும் நடக்காது, பரவலும் நடக்காது. இ.டி.டி.ஏ. கலந்த டிரிப்சினை மீடியத்தால் போதுமான அளவு நீர்க்கச் செய்யாமல் அப்படியே ஊற்றியிருந்தால், அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கவ்விக்கொண்டிருக்கும்.

உறைநிலையிலிருந்து எழுப்பிய செல்லென்றால் கணக்கே வேறு. அவற்றுக்கு ஒரு முழு இரவு கொடுங்கள். மறுநாள் மீடியத்தை மாற்றினால் செத்தவையும், உறையவைக்கும்போது கலந்த டி.எம்.எஸ்.ஓ.-வின் மிச்சமும் சேர்ந்து போய்விடும். அன்று மாலையே திறந்து திறந்து பார்ப்பதால் வருவது குளிர்ச்சி மட்டும்தான்.

எல்லாச் செல்லும் தட்டு நடுவுல குவிஞ்சு ஒட்டிக்குது, ஓரத்துல ஒண்ணுமே இல்ல.

தட்டை வட்டமாகச் சுழற்றியிருப்பீர்கள். முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமுமாக நாலைந்து தடவை நகர்த்துங்கள்; சுழற்ற வேண்டாம். பிறகு ஹூட்டிலேயே சமதளத்தில் 10, 15 நிமிடம் அசைக்காமல் வைத்து, செல்கள் தரை தொட்டபின் இன்குபேட்டருக்கு மாற்றுங்கள். போட்டவுடன் சூடான தட்டத்தில் வைத்தால் மீடியத்தில் உருவாகும் வெப்ப ஓட்டமும் செல்களை ஒதுக்கும். இன்குபேட்டர் தட்டம் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஃபோகல் அட்ஹிஷன் உள்ளே என்னதான் இருக்கு?

ஒரு முனையில் வெளிப்படலத்தைப் பிடித்த இன்டெக்ரின், மறுமுனையில் ஆக்டின் கம்பி. இடையில் டாலின், வின்குலின், பாக்ஸிலின், எஃப்.ஏ.கே. முதலிய பல புரதங்கள். கண்ணாடியை நெருங்கித் தொடும் இந்த இடங்களை ஆடம் கர்ட்டிஸ் 1964-ல் குறுக்கீட்டு ஒளி முறையில் பார்த்தார். 1971-ல் ஆபர்குரோம்பி குழு எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது.

பிறக்கும்போது இவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த புள்ளிகள். பெரும்பாலானவை ஓரிரு நிமிடத்தில் கலைந்துவிடும். இழுவிசை கிடைத்தவை மட்டும் நீண்டு, சில மைக்ரோமீட்டர் நீளத் திட்டாகின்றன. விசை எப்படி வேலை செய்கிறது என்றால், ஆக்டின் இழுக்கும்போது டாலின் மூலக்கூறு விரிந்து, உள்ளே மறைந்திருந்த வின்குலின் பிடிக்கும் இடங்கள் வெளியே வருகின்றன. ஒரு டாலினை இப்படி விரிக்கச் சில பிகோநியூட்டன் போதும். முழுத் திட்டின் கணக்கில், ஒரு சதுர மைக்ரோமீட்டருக்குச் சுமார் 5.5 நானோநியூட்டன் என்று 2001-ல் அளந்திருக்கிறார்கள். மயோசினைத் தடுக்கும் பிளெபிஸ்டாட்டினை 10 முதல் 50 மைக்ரோமோலார் செறிவில் போட்டால், அரை மணிக்குள் பெரிய திட்டுகள் கரைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. ஆல்ஃபா-5 பீட்டா-1 இன்டெக்ரின் திட்டிலிருந்து கழன்று, செல்லின் நடுப்பகுதியை நோக்கி நகர்ந்து, டென்சினோடு சேர்ந்து இழைப்பிடிப்பு ஆகிறது. போகும் வழியில் ஃபைப்ரோனெக்டினை இழுத்து நூலாக்கிவிட்டுப் போகிறது. மேலே சொன்ன பாயை நெய்வது இதுதான்.

பி.பி.எஸ். போட்டு அலசினாலே செல் உரிஞ்சு வருது. டிரிப்சினே தேவையில்ல போல.

கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத பி.பி.எஸ்.-ஐ எடுத்திருப்பீர்கள். டிரிப்சினுக்கு முன் அலசுவதற்கு அதுதான் சரி. ஸ்டெயினிங்குக்கோ ஒட்டுதல் சோதனைக்கோ அலசும்போது 0.9 மில்லிமோலார் கால்சியமும் 0.5 மில்லிமோலார் மெக்னீசியமும் உள்ள வகையை, 37 டிகிரிக்குச் சூடாக்கிப் பயன்படுத்துங்கள். பிப்பெட் முனையைச் சுவரில் வைத்து வழியவிடுங்கள், செல் மேல் நேராக விடாதீர்கள். கண்ணாடிக் கவர்ஸ்லிப் என்றால் அது சுத்தமாக இருந்ததா என்பதும் கேள்வி. எண்ணெய்ப் படலம் இருந்தால் புரதம் ஒழுங்காகப் படியாது.

இத்தனையும் சரியாக இருந்தும் உரிகிறது என்றால் மைக்கோபிளாஸ்மா என்னும் மிகச் சிறிய பாக்டீரியா தொற்றியிருக்கிறதா என்று சோதனை செய்யுங்கள். மீடியம் கலங்காது, மைக்ரோஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது, செல் மட்டும் மெல்லப் பிடி விடும், வளர்ச்சி மந்தமாகும். பி.சி.ஆர். அல்லது ஹோக்ஸ்ட் சாயத்தில் செல்லின் உட்கருவுக்கு வெளியே தெரியும் பொடிப்புள்ளிகள் காட்டிக்கொடுக்கும்.

முன்னாடி ரெண்டு நிமிஷத்துல டிரிப்சின் எடுத்துச்சு. இப்ப எட்டு நிமிஷம் ஆனாலும் வரல. செல் மாறிடுச்சா, டிரிப்சின் கெட்டுப்போச்சா?

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, அதே பாட்டில் டிரிப்சினை இளம் பாசேஜ் செல்லில் போட்டுப் பார்ப்பது. அங்கேயும் எட்டு நிமிடமானால் பாட்டில்தான் காரணம். டிரிப்சின் தன்னையே செரித்துக்கொள்ளும். 37 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் மறந்துவிட்ட பாட்டிலில் பாதி வீரியம் போயிருக்கும். 5 மி.லி. பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20-ல் வையுங்கள், எடுத்ததை மறுபடி உறைய விடாதீர்கள்.

பாட்டில் சரியென்றால் அடுத்த சந்தேகம் சீரம். அதில் உள்ள ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் டிரிப்சினை முடக்கும். ஒரே தடவை அலசி, மூலையில் அரை மி.லி. மீடியத்தை விட்டுவைத்தால் போதும், வேலை கெட்டுவிடும். இரண்டு தடவை அலசி, பிளாஸ்க்கைச் சாய்த்து மிச்சத்தை உறிஞ்சிவிட்டு, 25 செ.மீ² பரப்புக்கு ஒரு மி.லி. (0.25% டிரிப்சின், 0.53 மில்லிமோலார் இ.டி.டி.ஏ.) போடுங்கள்.

இவையும் சரியென்றால் செல்தான் மாறியிருக்கிறது. நிறைந்து நாலைந்து நாள் கிடந்த பிளாஸ்க்கில் செல்கள் நெருங்கிக் கிடப்பதால் டிரிப்சின் உள்ளே போக வழியில்லை. செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள கேடெரின் பிடிப்பு, கால்சியம் இருக்கும்வரை டிரிப்சினுக்கு மசியாது. கூடவே கொலாஜன் சேர்ந்திருந்தால், அதன் மூவிழைச் சுருளை டிரிப்சின் வெட்டாது. செல் தனித்தனியாக வராமல் துண்டு துண்டாகத் தோல் போல வரும். அங்கே கொலாஜினேஸ் வேண்டும். நேரத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போனால் செல் உடைந்து டி.என்.ஏ. வெளியே வந்து, பிப்பெட்டில் சளி போல நூல் இழுக்கும். அந்த நிலைக்குப் போன தொகுதியை ஒட்டுதல் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஒவ்வொரு பாசேஜிலும் பாதிச் செல்கள் உருண்டையாக எத்தனை வினாடி ஆனது என்று குறித்து வையுங்கள். செலவில்லாத ஒட்டுதல் அளவுகோல் இதைவிட வேறில்லை. அந்த எண் சில வாரங்களாக ஏறுகிறதா இறங்குகிறதா என்பது, கீழே வரும் பாசேஜ் கேள்விக்குப் பாதி விடை.

பிளாஸ்க் நிறைஞ்சப்புறம் ஒரு வாரம் விட்டேன். ஷீட்டா சுருண்டு கழன்டுடுச்சு. ஏன்?

செல்கள் ஒன்றையொன்றும் தங்கள் பாயையும் இழுக்கும் மொத்த விசை, அந்தப் பாய் பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்கும் விசையை மிஞ்சிவிட்டது. ஒவ்வொரு செல்லும் தன் பாயோடு நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது. அடியில் இருந்த சீரப் புரதப் படலம்தான் விட்டுவிட்டது. ஓரத்தில் ஒரு கீறலோ, பிப்பெட் முனை பட்ட இடமோ இருந்தால் அங்கிருந்து உரிய ஆரம்பிக்கும். ஒரு இரவில் முழுத் தாளும் சுருண்டு, நடுவில் வெள்ளை உருண்டையாகக் கிடக்கும்.

சாதாரண டி.எம்.இ.எம்.-ல் அஸ்கார்பிக் அமிலம் கிடையாது. அது இல்லாமல் கொலாஜனில் புரோலின் ஹைட்ராக்ஸிலேற்றம் ஒழுங்காக நடக்காது. எனவே நீங்கள் லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவில் அஸ்கார்பேட் சேர்த்து நாள் கணக்கில் வளர்த்தால் பாய் தடிக்கும், உரியும் வாய்ப்பும் கூடும். செல் தாள் வேண்டுமென்றே செய்பவர்களுக்கு இதுவே வழி. மற்றவர்கள் 80% நிறையும்போதே பிரித்துவிடுங்கள். நீண்ட நாள் வைத்தே ஆக வேண்டுமென்றால் சீரத்தை 0.5 முதல் 2% வரை குறைத்து, மீடியத்தைப் பாதி மட்டும் மாற்றுங்கள்.

கரண்ட் போய் ராத்திரி முழுக்க இன்குபேட்டர் நின்னுடுச்சு. செல் விட்டுடுமா?

பரவி ஒரு நாள் ஆன செல்கள் அறை வெப்பத்தில் ஒரு இரவைத் தாங்கும். சில செல்கள் முனைகளை உள்ளிழுத்துச் சற்று உருண்டிருக்கும், அவ்வளவுதான். அன்று மாலை போட்டவற்றுக்குத்தான் ஆபத்து. கார்பன் டை ஆக்சைடு போனால் பைகார்பனேட் மீடியம் காரமாகி ஊதா ஏறும். மூடியை இறுக்கிவிட்டால் தாமதமாகும், பி.எச். மாறாமல் தாங்கும் ஹெப்பெஸ் 25 மில்லிமோலார் இருந்தால் இன்னும் நல்லது. அதன் பிறகு கதவைத் திறக்காதீர்கள். மின்சாரம் வந்ததும் வெப்பநிலை 37-ஐத் தாண்டி எகிறுகிறதா என்று பாருங்கள். குளிரைவிடச் சூடுதான் செல்லைக் கொல்லும். அன்றைக்கே டிரிப்சின் போடாமல் ஒரு நாள் விடுங்கள், அந்த வார ஒட்டுதல் சோதனையையும் தள்ளிவையுங்கள்.

பாசேஜ் ஏற ஏற ஒட்டுறது கூடுமா, குறையுமா? புத்தகத்துல ரெண்டும் போட்டிருக்கு.

எந்தச் செல் என்பதைப் பொறுத்தது. மனித முதன்மை ஃபைப்ரோபிளாஸ்ட்டில் கூடும். ஹேஃபிளிக்கும் மூர்ஹெட்டும் 1961-ல் காட்டியபடி, மனிதக் கருவிலிருந்து எடுத்தவை ஏறக்குறைய 50 முறை இரட்டித்து நின்றுவிடும். டபிள்யூ.ஐ-38, எம்.ஆர்.சி-5 இரண்டும் இந்த வகை. நிற்பதற்கு முன்பே மாற்றம் தெரியும்: செல் பல மடங்கு அகன்று, பொரித்த முட்டை போலத் தட்டையாகி, தடித்த ஆக்டின் கம்பிகளும் பெரிய பிடிப்புத் திட்டுகளும் வைத்துக்கொள்ளும். டிரிப்சின் நேரம் ஏறும். உறுதிப்படுத்த, பி.எச். 6.0-ல் பீட்டா-கேலக்டோசிடேஸ் சாயம் போட்டால் மூத்த செல்கள் நீலமாகும். ஆனால் நிறைந்து நாளான இளம் செல்களும் கொஞ்சம் நீலம் காட்டும். எனவே நிறையாத பிளாஸ்க்கில் செய்யுங்கள்.

நிலைபெற்ற செல் வரிசைகளில் எதிர்த்திசை. டோடாரோவும் ஹோவர்ட் கிரீனும் 1962-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 3டி3-ஐத் தொடங்கினார்கள். பெயரே அதன் விதி: மூன்று நாளுக்கு ஒருமுறை, 20 செ.மீ² தட்டுக்கு 3 லட்சம் செல். அந்த விதியை விட்டு ஒவ்வொரு வாரமும் நிறையவிட்டுப் பிரித்தால், ஒன்றன்மேல் ஒன்று ஏறி வளரும் செல்களை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். அடுக்கின் நடுவே குவிந்த தீவுகள் தெரியும். அந்தச் செல்கள் ஒல்லியாக, மேற்பரப்பு ஃபைப்ரோனெக்டின் குறைந்து, சிறு திட்டுகளோடு இருக்கும், தட்டினாலே வரும். மென் அகாரில் மிதந்தபடி கூட்டமாக வளர்ந்தால் முதல் கேள்வியில் சொன்ன விதியை அவை மீறிவிட்டன என்று பொருள். அந்த பிளாஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய குப்பியை எழுப்புங்கள். என்.ஐ.எச். 3டி3-க்கு கன்றுச் சீரம் பரிந்துரைக்கப்படுகிறது, கருக்கன்றுச் சீரம் அல்ல. இதையும் பலர் கவனிப்பதில்லை.

எல்929-ஐ "இயல்பான" ஒப்பீட்டுச் செல்லாக எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1948-ல் ஒற்றைச் செல்லிலிருந்து பிரித்த அந்த வரிசையின் தாய்க் கல்ச்சர், மெத்தில்கொலாந்திரீன் என்ற புற்றூக்கியைக் கண்டது. பொருள்களின் நச்சுத்தன்மை சோதனைக்கு அது சரி. மூப்பினால் ஒட்டுதல் மாறுவதைப் படிக்க அதை எடுக்காதீர்கள்.

அப்போ பாசேஜ் எண் மட்டும் எழுதினா போதாதா?

போதாது. 1:2 பிரித்தால் ஒரு பாசேஜில் ஒரு இரட்டிப்பு, 1:8 பிரித்தால் மூன்று. எடுத்த எண்ணிக்கையைப் போட்ட எண்ணிக்கையால் வகுத்து, பத்தடி மடக்கை எடுத்து 3.32-ஆல் பெருக்குங்கள். 5 லட்சம் போட்டு 40 லட்சம் எடுத்தால் 3 இரட்டிப்பு. இதிலும் ஒரு நுணுக்கம்: போட்டதில் ஒட்டாமல் போனவை பெருகவில்லை. மறுநாள் மிதப்பவற்றை எண்ணிக் கழித்தால்தான் சரியான எண் வரும். மூத்த தொகுதிகளில் இந்த வித்தியாசம் பெரிது.

ஒட்டுதலை நம்பரா காட்டச் சொல்றாங்க. எளிமையா எப்படி?

96 குழித் தட்டும் கிரிஸ்டல் வயலட்டும் போதும். ஒவ்வொரு குழியிலும் ஒரு மி.லி.-க்கு 10 மைக்ரோகிராம் செறிவுள்ள ஃபைப்ரோனெக்டினில் 50 மைக்ரோலிட்டர் விட்டு, 37 டிகிரியில் ஒரு மணி நேரம். வடித்து, 80 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி ஆறவைத்த 1% மாட்டு ஆல்புமினால் அரை மணி நேரம் மூடுங்கள். சில குழிகளில் ஆல்புமின் மட்டும். அவை பூச்சியக் கணக்கு.

செல்லை எடுக்கும்போது டிரிப்சினைச் சீரத்தால் நிறுத்தாதீர்கள். விட்ரோனெக்டின் கூடவே வந்து, நீங்கள் போட்ட படலத்துக்கு அர்த்தமில்லாமல் செய்துவிடும். சோயா டிரிப்சின் தடுப்பானைப் பயன்படுத்தி, செல்லைச் சீரமில்லா மீடியத்தில் கலந்து, 37 டிகிரியில் அரை மணி இளைப்பாற விடுங்கள். பிறகு குழிக்கு 20,000 முதல் 30,000 செல், 100 மைக்ரோலிட்டரில். 15, 30, 60, 120 நிமிடங்கள் வேண்டுமென்றால் 120 நிமிடக் குழிகளில் முதலில் போட்டு, 15 நிமிடத்தைக் கடைசியில் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அலசலாம். காத்திருக்கும் செல் கொத்தாகாமல் குழாயை அவ்வப்போது கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

கால்சியம், மெக்னீசியம் உள்ள சூடான பி.பி.எஸ்.-ல் மூன்று தடவை அலசல், 4% பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம், 0.1% கிரிஸ்டல் வயலட்டில் 20 நிமிடம், நிறம் வராத வரை தண்ணீர், கடைசியாக 100 மைக்ரோலிட்டர் 10% அசிட்டிக் அமிலத்தில் கரைத்து 590 நானோமீட்டரில் படியுங்கள். அலசாமல் மேலிருந்தே நிலைப்படுத்தி விட்டு நிறமேற்றிய குழிகளை 100% என்று கொண்டு சதவீதம் போடுங்கள். எண் தாறுமாறாக வந்தால் பத்தில் எட்டு தடவை அலசல்தான் காரணம். பல்முனைப் பிப்பெட்டைவிட, தட்டையே பி.பி.எஸ். தொட்டியில் மெல்ல முக்கி எடுத்துக் கவிழ்ப்பது சீராக வரும். ஓரக் குழிகளை வெறும் பி.பி.எஸ்.-க்கு விட்டுவிடுங்கள்.

அதே சோதனைய 24 மணி நேரத்துக்கப்புறம் செஞ்சேன். எல்லாமே 95% வருது, வித்தியாசமே இல்ல.

வித்தியாசம் வராது. அலசல் முறை கொடுக்கும் விசை முதல் ஒரு மணி நேரப் பிடிப்பைப் பிரித்துக் காட்டத்தான் போதும். பரவி முடித்த செல்லைப் பெயர்க்கத் தெரிந்த, கூடிய விசை வேண்டும். இணைத்தட்டு ஓட்ட அறையில் வெட்டு அழுத்தம் = 6 × பாய்வு × பாகுநிலை ÷ (அகலம் × உயரத்தின் வர்க்கம்). அகலம் 10 மி.மீ., உயரம் 0.2 மி.மீ., மீடியத்தின் பாகுநிலை 0.7 மில்லிபாஸ்கல்-வினாடி, பாய்வு நிமிடத்துக்கு 10 மி.லி. என்றால் கிடைப்பது 1.75 பாஸ்கல். உயரம் வர்க்கத்தில் வருவதால் ஸ்க்ரூவை இறுக்கி கேஸ்கெட் 0.18 மி.மீ. ஆனாலே அழுத்தம் 23% கூடிவிடும். ஒவ்வொரு முறையும் உயரத்தை அளந்துவிடுங்கள். ஒரு நாள் ஒட்டிய செல்கள் இதற்கும் அசையாவிட்டால் பாய்வைப் படிப்படியாக ஏற்றுங்கள், அல்லது சுழலும் வட்டுக் கருவிக்குப் போங்கள்.

கருவி இல்லாதவர்கள் டிரிப்சினை 0.05%-க்குக் குறைத்து, 30 வினாடிக்கு ஒருமுறை எத்தனை சதவீதம் உருண்டது என்று படம் எடுக்கலாம். ஆனால் இது அளப்பது புரதங்கள் எவ்வளவு வேகமாக வெட்டுப்படுகின்றன என்பதையும் சேர்த்து. விசை என்று கட்டுரையில் எழுதாதீர்கள்.

ஜெல் மேல போட்டா செல் பரவவே மாட்டேங்குது. கோட்டிங் சரியில்லையா?

கோட்டிங்கும் காரணமாகலாம், பாலிஅக்ரிலமைடில் புரதம் தானாகப் படியாது, சல்ஃபோ-சான்பா போன்ற இணைப்பானால் கட்ட வேண்டும். அது சரியென்றால் ஜெல்லின் மென்மைதான். ஒரு கிலோபாஸ்கலுக்குக் கீழே ஃபைப்ரோபிளாஸ்ட் உருண்டைக்கு அருகிலேயே நின்றுவிடும், திட்டுகள் புள்ளிகளாகவே கலையும். பெல்ஹாமும் வாங்கும் 1997-ல் காட்டிய விஷயம் இது. பாலிஸ்டைரீன் கிகாபாஸ்கல் கணக்கில் கடினம். உடம்பில் எந்த மென்திசுவும் அப்படி இல்லை.

இதன் மறுபக்கம்தான் பலர் கவனிக்காதது. கடினமான பிளாஸ்டிக்கில் வாரக்கணக்கில் வளரும் முதன்மைச் செல்கள், அதிலும் டி.ஜி.எஃப்-பீட்டா என்னும் வளர்ச்சிக் காரணி இருந்தால், மயோஃபைப்ரோபிளாஸ்ட் (தசை போல இழுக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்) ஆகின்றன. ஆல்ஃபா மென்தசை ஆக்டின் ஏறும், 8 மைக்ரோமீட்டருக்கும் நீண்ட மிகை முதிர்ச்சித் திட்டுகள் வரும், டிரிப்சின் நேரமும் ஏறும். மூப்பு என்று நினைத்தது இதுவாக இருக்கலாம். இரண்டையும் பிரிக்க மென்தசை ஆக்டின் ஸ்டெயினையும் பீட்டா-கேலக்டோசிடேஸையும் ஒரே தொகுதியில் செய்யுங்கள். சில செல்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

வின்குலின் ஸ்டெயின்ல திட்டு பெருசா இருந்தா ஒட்டுதல் வலுவுன்னு எழுதலாமா?

வளர்ந்துகொண்டிருக்கும் திட்டில் பரப்பும் இழுவிசையும் சேர்ந்து ஏறும். முற்றி நின்றுவிட்ட திட்டில் அந்தத் தொடர்பு தளர்ந்துவிடும். பெரிய திட்டு குறைந்த விசையில் சும்மா கிடக்கலாம். நகர்ந்து செல்லும் செல்லில் முன்விளிம்பின் சிறு திட்டுகள் தங்கள் அளவுக்கு மீறி இழுப்பதும் உண்டு. எனவே "திட்டின் பரப்பு கூடியது" என்று மட்டும் எழுதுங்கள். வலு என்று எழுத வேண்டுமானால் முன்சொன்ன ஓட்ட அறையோ, இழுவிசை அளவீடோ கூடவே இருக்க வேண்டும்.

படத்திலேயே ஏமாற்றம் வரும் இடங்களும் உண்டு. வின்குலின் சைட்டோபிளாசத்திலும் நிறைய இருப்பதால், தடித்த செல்லின் நடுப்பகுதி மொத்தமாக ஒளிரும். தட்டையான மூத்த செல்லில் அந்தப் புகை இல்லாததால் திட்டுகள் கூர்மையாகத் தெரியும். ஒரே வரம்பு மதிப்பை இரண்டுக்கும் போட்டால் மூத்த செல்லில் திட்டு அதிகம் என்று மென்பொருள் சொல்லும். டிர்ஃப் மைக்ரோஸ்கோப் இருந்தால் அடிப்பரப்பை மட்டும் பாருங்கள். இல்லையென்றால் பின்னணியைக் கழித்து, ஒரு செல்லுக்கு எத்தனை என்பதோடு செல் பரப்பின் 100 சதுர மைக்ரோமீட்டருக்கு எத்தனை என்பதையும் கொடுங்கள். மூத்த செல்லில் முதல் எண் ஏறி, இரண்டாவது எண் ஏறாமலே இருப்பதைப் பல தடவை பார்ப்பீர்கள்.